மஞ்சள் கருவுக்கு ஷேடு பார்த்தேன், மாமா

மாமா, பெரிய செய்தி, உட்கார்ந்துகொண்டு படியுங்கள்: நான் முட்டையை ரிஜெக்ட் பண்ணினேன், ஹவுஸ் ஓனர் எங்களையே ரிஜெக்ட் பண்ணிவிட்டார், அடுத்த மாசத்துக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம்!!!

அன்பும் மரியாதையும் நிறைந்த அருளப்பன் மாமாவுக்கும் அத்தைக்கும் திருப்பூரிலிருந்து உங்கள் தங்கச்சி மகள் ரோஸ்மேரி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் அங்கே நீங்களும் அத்தையும் ஆடுகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் சுகமா இல்லையா என்பதைக் கடிதம் முழுவதும் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். இந்தக் காலத்தில் எவள் கடிதம் எழுதுவாள் என்று அத்தை கேட்பார். நான் என்ன செய்ய மாமா, வாட்ஸப்பில் நீங்கள் என்னை பிளாக் பண்ணிவிட்டீர்கள். 'மேய்ச்சல் மச்சான்' சேனல் வீடியோக்களைக் காலையில் கொஞ்சம், மத்தியானம் கொஞ்சம், சாயங்கால ஜெபத்துக்கு அப்புறம் கொஞ்சம் என்று அனுப்பியது உண்மைதான். ஆனால் அதில் ஒன்றையாவது நீங்கள் கடைசி வரை பார்த்திருந்தால் இன்றைக்கு நமக்கு இந்த நிலைமை வந்திருக்காது. அத்தைக்குப் போன் போட்டால் அவரும் எடுப்பதில்லை. ஆகவே தபால். கவரில் ஸ்டாம்பு எந்தப் பக்கம் ஒட்ட வேண்டும் என்பதையும் வீடியோ பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி உங்களுக்குத் தெரியும். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் வைட்டமின் டி தரையோடு தரையாகக் கிடக்கிறது என்றார் டாக்டரம்மா. மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "தினமும் கொஞ்ச நேரம் வெயில்ல நில்லுங்கம்மா, முட்டை மஞ்சக்கருவும் சாப்பிடுங்க" என்று சொன்னார். "வெயிலா? விடியக் கம்பெனி வேன்ல ஏறுனா இருட்டுனப்புறம்தான் எறக்கி விடுதான். நடுவுல டியூப்லைட்டுதான் டாக்டரம்மா எனக்கு வெயிலு. அதுல நின்னா ஆகாதா?" என்று கேட்டாள் அம்மா. டாக்டரம்மா அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

வெயில் கிடைக்காது, சரி, வெயில் பட்ட முட்டையாவது கிடைக்குமா என்று போனில் தேடினேன். அங்கேதான் மாமா, என் வாழ்க்கையில் மச்சான் வந்தார். (அம்மாவும் இதே இடத்தில்தான் பதறினாள். "அருளப்பன் மவன் அங்க இருக்கையில எவன்ட்டி ஒனக்கு மச்சான்?" என்று கேட்டாள். சேனல் பெயரே அதுதான் என்று புரிய வைப்பதற்குள் வேன் வந்துவிட்டது.) கூண்டில் அடைத்த கோழி வேறு, வெளியே வெயிலில் மேய்ந்து திரியும் கோழி வேறு என்று மச்சான் சொன்னார். மேயும் கோழியின் முட்டையில் வைட்டமின் டி மூன்று நாலு மடங்குகூட இருக்கலாமாம். புல்லும் பூச்சியும் தின்பதால் ஒமேகா கொழுப்பு, வைட்டமின் ஈ, கண்ணுக்கு நல்ல லூட்டின், எல்லாமே கூடுமாம். பசும்புல் மேயும் மாட்டின் பால், உங்கள் ஆடுகளைப் போலக் காடு கரையெல்லாம் திரியும் ஆட்டின் கறி, எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தானாம். புரதம் மட்டும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றும் ஒரு இடத்தில் சொன்னார். அதை நான் தள்ளி ஓட்டிவிட்டேன், மனசு கேட்கவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது மாமா. எத்தனை வருஷம் ஒன்றும் தெரியாமல் ஆம்லெட் சாப்பிட்டிருக்கிறேன்! அன்றைக்கே சப்ஸ்கிரைப், பெல் பட்டன், ஒவ்வொரு வீடியோவுக்கும் முதல் கமெண்ட். மச்சான் ஒரு கமெண்டுக்கு ஹார்ட் போட்டார். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். அதற்குத்தான் பிளாக் பண்ணினீர்கள் என்று நினைக்கிறேன்.

இதிலே பெரிய அதிர்ஷ்டம், நம் ஹவுஸ் ஓனர் கருப்பாத்தாள் அக்காவே கோழி வளர்க்கிறவர். நீங்கள் வந்தபோது பார்த்திருக்கிறீர்கள், ஒரே வரிசையில் லைன் வீடுகள், முன்னால் அவரும் மகள் நிர்மலா அக்காவும் இருக்கும் வீடு, பக்கத்தில் கட்டிடம் கட்டாமல் கிடக்கும் காலி சைட். கோழிகள் விடிந்ததும் அந்த சைட்டுக்குள் இறங்கினால் பொழுது சாயும் வரை அங்கேதான். காம்பவுண்டில் எல்லாரும் அவரிடம்தான் முட்டை வாங்குவோம். ஆக அம்மாவுக்கு மேய்ச்சல் முட்டை வாசலிலேயே கிடைத்துக்கொண்டிருந்தது. அதோடு நான் வாயை மூடிக்கொண்டு வேகவைத்துக் கொடுத்திருக்க வேண்டும். செய்தேனா? செய்யவில்லையே மாமா!

மச்சான் ஒரு வீடியோவில், "மேய்ச்சல் முட்டையோட மஞ்சக்கரு சும்மா ஆரஞ்சு கலர்ல தகதகன்னு இருக்கும் மச்சி" என்றார். கலர் என்ற சொல் காதில் விழுந்ததும் என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. என் வேலை என்னவென்று உங்களுக்குச் சரியாகத் தெரியாது, அம்மா 'கலர் பாக்குற வேலை' என்று சொல்லியிருப்பாள். சாயப்பட்டறையிலிருந்து வரும் துணியை வெட்டி, லைட் பாக்ஸ் என்று ஒரு பெட்டி, அதற்குள் விதவிதமான விளக்கு எரியும், அதில் வைத்து, துணிக்கு ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் அனுப்பிய ஷேடு கார்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போனால் பாஸ். துணிக்குத் துணி ஒரு இழை மாறினாலும் 'ஷேடு வேரியேஷன்', லாட், அதாவது அந்தத் தடவை வந்த துணி முழுக்க ரிஜெக்ட். இரண்டு வருஷமாக இதையே பார்த்துப் பார்த்து, அம்மா வைக்கும் சாம்பாரில்கூட நேற்றைக்கும் இன்றைக்கும் ஷேடு மாறியிருப்பது எனக்குத் தெரிந்துவிடும்.

ஆகவே கருப்பாத்தாள் அக்காவின் முட்டைகளை டிபன் பாக்சில் வைத்து வேலைக்குக் கொண்டுபோனேன். டீ டைமில் சின்னச் சின்னக் கிண்ணத்தில் உடைத்து ஊற்றி, லைட் பாக்சுக்குள் வரிசையாக வைத்து, மஞ்சள் ஆரஞ்சு ஷேடு கார்டை விரித்தேன். ஐயோ மாமா! ஒன்று நல்ல ஆரஞ்சு, ஒன்று வெறும் மஞ்சள், ஒன்று எலுமிச்சம்பழம், ஒன்று அதுவும் இல்லை இதுவும் இல்லை, நரை விழுந்த மாதிரி. ஒரே வீட்டுக் கோழி! ஒரே நாள் முட்டை! அந்த நேரம் பார்த்து எங்கள் இன்சார்ஜ் மருதாசலம் சார் உள்ளே வந்துவிட்டார். நான் பதறிக் கையை எடுத்ததில் ஒரு கிண்ணம் சாய்ந்து, க்ரீம் கலர் துணி ஒன்றின் மேல் மஞ்சள் கரு வழிந்துவிட்டது. சார் அந்தத் துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஏம்மா, இது எந்த பையர் ஷேடு?"

"பையர் இல்லீங்க சார். செவலைக் கோழி."

திட்டுவார், வீட்டுக்கு அனுப்புவார் என்று நினைத்தேன். ஆனால் முப்பது வருஷமாக ஷேடு பார்க்கிற மனுஷன் மாமா, கை சும்மா இருக்குமா? கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டிக்குள் குனிந்தார். விளக்கை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். "இதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லியே. சப்ளையர் யாரு?" என்று கேட்டார். "எங்க ஹவுஸ் ஓனர் சார்" என்றேன். "ரிஜெக்ட் பண்ணிரு. இன்னைக்கு உட்டா நாளைக்கு இதே மாதிரிதான் அனுப்புவாங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அது முட்டை என்பது அவருக்கு டீ குடிக்கும்போதுதான் உறைத்திருக்கும்.

நான் உடனே போட்டோ எடுத்து, எங்கள் காம்பவுண்ட் வாட்ஸப் குரூப்பில், 'கருப்பாத்தாள் அக்கா முட்டை. ஷேடு வேரியேஷன் அதிகம். லாட் ரிஜெக்ட். உண்மையான மேய்ச்சல் முட்டை இப்படி இருக்காது' என்று போட்டேன். போட்ட பிறகுதான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று நினைவு வந்தது. இங்கே காம்பவுண்டில் இருக்கிற அத்தனை பேரும் பனியன் கம்பெனி ஆட்கள். அந்த முட்டையில் விஷம் என்று நான் சொல்லியிருந்தால்கூட, எவளோ பொறாமையில் சொல்கிறாள் என்று வாங்கிச் சாப்பிட்டிருப்பார்கள். ஷேடு வேரியேஷன் என்றால் ஒருத்தரும் கை வைக்க மாட்டார்கள். அன்று சாயங்காலமே கருப்பாத்தாள் அக்காவிடம் முட்டை வாங்க ஆள் இல்லை. கடைசி வீட்டில் இருக்கும் முனீஸ் அண்ணன், நம் ஊர்ப்பக்கத்து ஆள்தான், அவர் மட்டும் போனார். போனவர் சும்மா வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். "யக்கா, ரிஜெக்ட் ஆன முட்டைய செகண்ட்ஸ் ரேட்டுக்குக் குடுப்பியளா?" என்று, பழுதான பனியனைப் பாதி விலைக்குக் கேட்பது மாதிரிக் கேட்டிருக்கிறார்!

கருப்பாத்தாள் அக்கா எங்கள் வாசலுக்கு வந்தார். வந்த அன்றிலிருந்து என்னை 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார், தண்ணீர் மோட்டார் போட மறந்தால்கூட 'ஏங்கண்ணு' என்றுதான் திட்டுவார். அன்றைக்கு, "ஏனுங்க ரோஸ்மேரி, கொஞ்சம் வெளிய வர்றீங்களா?" என்றார். மாமா, இந்த ஊரில் கண்ணு போய் 'ங்க' வந்தால் வெட்டுக்குத்துக்கு முந்தின படி.

"என்ற முட்டைல ஏதோ குத்தமுன்னு எழுதிப் போட்டீங்களாமா?"

"குத்தம் இல்லீங்கக்கா. ஷேடு வேரியேஷன்."

"அப்படீன்னா?"

"ஒவ்வொரு முட்டையும் ஒவ்வொரு கலர்ல இருக்குதுங்கக்கா."

"கோழி ஒவ்வொண்ணும் ஒவ்வொண்ணத் திங்குது, இருக்காதுங்களா? ஒண்ணு முருங்கையடிலயே கெடக்குது. ஒண்ணு புல்லுக்குள்ள பூச்சி பொறுக்குது. அந்தச் செவலை எந்திரிச்சதும் நேரா பேக்கரி வாசலுக்குப் போயி நின்னுக்குது, எவனாச்சும் பன்னு கீழ போடுவானான்னு. அதுகளுக்கு யூனிபார்மா தெச்சுப் போட்டு உட்டிருக்கறேன்?"

அது எனக்கு அப்போது பதிலாகவே படவில்லை மாமா, சாக்காகத்தான் பட்டது. எங்கள் ஷேடு ரூமில் தினமும் இதே பாட்டுத்தான்: "தண்ணி ஒத்துக்கலீங்க, வெயிலு சரியில்லீங்க, நேத்து நல்லாத்தான் இருந்துச்சுங்க." ஆகவே நானும் ஷேடு ரூமில் சொல்வதைப் போலவே, "அடுத்த லாட்ல சரி பண்ணிக் குடுங்கக்கா" என்றேன். உள்ளே அம்மா தலையில் அடித்துக்கொண்ட சத்தம் வாசல் வரை கேட்டது.

அத்தோடு விட்டேனா? முட்டை இல்லாமல் அம்மா என்ன சாப்பிடுவாள், காம்பவுண்டு என்ன சாப்பிடும் என்று ஆன்லைனில் தேடி, சசிகுமார் என்று ஒருவரைப் பிடித்தேன். திருமுருகன்பூண்டி தாண்டிப் பண்ணை வைத்திருக்கிறார். பைக்கில் பெட்டி கட்டிக்கொண்டு வந்து கொடுப்பார், பெட்டியில் பச்சைப் புல்லும் கோழியும் படம் போட்ட ஸ்டிக்கர். அவர் முட்டைகளை லைட் பாக்சில் வைத்தேன். மாமா, என்ன சொல்ல! அத்தனையும் ஒரே ஷேடு. எந்த விளக்கில் பார்த்தாலும் ஒரே ஷேடு. மருதாசலம் சார் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த சப்ளையர உட்றாத" என்றார். குரூப்பில் 'பாஸ்' என்று போட்டேன். மறுநாளிலிருந்து காலையில் சசிகுமார் பைக் எங்கே நிற்கும்? கருப்பாத்தாள் அக்கா வீட்டு கேட்டுக்கு முன்னால்தான், அங்கேதான் நிழல். காம்பவுண்டே பாத்திரத்தோடு வரிசையில் நிற்கிறது, அக்கா திண்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், செவலைக் கோழி அந்த வரிசைக்கு நடுவில் நடந்து பேக்கரிக்குப் போகிறது. அன்று ராத்திரி அக்கா அம்மாவிடம் வந்து, ரொம்ப ரொம்ப மரியாதையாக, "அடுத்த மாசத்துக்குள்ள வேற ஊடு பாத்துக்கோங்க. ஒண்ணும் அவசரமில்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுபடியும் 'ங்க'. இரண்டு தடவை!

அம்மா கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயம். "ஏட்டி, எனக்குக் காலு பலமாவணும்னுதான முட்டையத் தேடுன? இப்ப அந்தக் கால வச்சுத்தான் மாடி ஏறணும்" என்று மட்டும் சொன்னாள். உண்மைதான் மாமா. தரையோடு இருக்கிற வீடு கம்பெனி வேன் வரும் ரோட்டில் இது ஒன்றுதான். நாங்கள் பார்த்த மற்றதெல்லாம் மாடி, அதுவும் மூன்றாவது மாடி, கைப்பிடி இல்லாத படிக்கட்டு. ஒரு வீட்டுப் படியில் அம்மா பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நீ மேல போயிப் பாத்துட்டு வந்து சொல்லு, நான் இங்கன இருந்தே பாத்துக்கிடுதேன்" என்றாள். நான் மேலே போய் அழுதுவிட்டு வந்தேன்.

சரி, சசிகுமார் பண்ணையைப் போய் வீடியோ எடுத்துக் காட்டினால், உண்மையான மேய்ச்சல் என்றால் என்ன என்று கருப்பாத்தாள் அக்காவுக்கே புரியும், மனசு மாறும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, என்னோடு ஷேடு ரூமில் வேலை பார்க்கும் ஆஷாவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு, சிற்பக் கூடங்களில் உளிச் சத்தம் கேட்கும் ரோட்டைத் தாண்டிப் போனேன். வாசலிலேயே லைவ் போட்டுவிட்டோம். பாசறை நண்பர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள் (மச்சான் ரசிகர் குரூப்புக்கு 'திருப்பூர் மேய்ச்சல் பாசறை' என்று பேர், நான்தான் அட்மின்). பார்ப்பவர்களில் நிர்மலா அக்கா பேரும் தெரிந்தது. அவர் போனில் கருப்பாத்தாள் அக்காவும் பார்க்கிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். "நண்பர்களே, இதோ, சுதந்திரமாக மேயும் கோழிகள்!" என்று கத்திக்கொண்டே ஷெட்டுக்குள் கேமராவைத் திருப்பினேன்.

மாமா, உள்ளே டியூப்லைட். நீளமான ஷெட், அடி வைக்க இடமில்லாமல் கோழிகள், எல்லாம் ஒரே பக்கம் தலையைத் திருப்பித் தீவனம் தின்றுகொண்டிருக்கின்றன. பின்னால் சுவரில் ஒரு சின்னக் கதவு, திறந்திருக்கிறது. அதற்கு வெளியே பச்சைப் பசேல் என்று புல். அந்தப் புல்லில் ஒரு கோழி இல்லை. ஒரு இறகுகூட இல்லை. புல் கோழியையே பார்த்ததில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"அண்ணா, கோழி மேயலியே?" என்றேன்.

"கதவு தொறந்துதாங்க இருக்குது. அதுக போகமாட்டேங்குது" என்றார் சசிகுமார், கொஞ்சமும் கூச்சம் இல்லாமல்.

"ஸ்டிக்கர்ல மேய்ச்சல்னு போட்டிருக்கீங்களே!"

"மேய்ச்சல் வசதியுடன்னு போட்டிருக்குதுங்க. நல்லாப் படிங்க. வசதி இருக்குதுல்ல? தீவனம் வாய்க்கே வருதுங்க, டைமுக்கு லைட்டு போடறோம், டைமுக்கு ஆஃப் பண்றோம். எதுக்குங்க வெயில்ல போயி அலையுது?"

"அப்போ அந்த ஆரஞ்சு கலர்?"

இதைக் கேட்டதும் மனுஷன் முகம் மலர்ந்தது மாமா. ஆபீஸ் ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போய், மேசை டிராயரைத் திறந்து, விசிறி மாதிரி விரியும் ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். வெளிர் மஞ்சளில் தொடங்கி அடர் ஆரஞ்சு வரை, பட்டை பட்டையாக, ஒவ்வொன்றுக்கும் நம்பர். ஆஷா போனைக் கீழே போடாதது கடவுள் செயல். "ஏய் ரோஸ், இது ஷேடு கார்டுடி!" என்று கத்திவிட்டாள்.

"ஆமாங்க. எந்த நம்பர் வேணுமுன்னு மட்டும் சொல்லுங்க. செண்டுமல்லிப் பூவக் காயவெச்ச பொடி, தீவனத்துல கலந்தா ரெண்டு வாரத்துல அந்த ஷேடு வந்துரும். கெடுதி ஒண்ணுமில்லீங்க, வெறும் பூவுதான். லாட்டுக்கு லாட்டு மாறாது, கேரண்டி" என்றார். பொடி டப்பாவையும் கேமராவுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார்.

மாமா, எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. முதலில் தொழில் சந்தோஷத்தில், லாட்டுக்கு லாட்டு மாறாது என்று எந்தச் சாயப்பட்டறைக்காரரும் எங்களிடம் சொன்னதில்லை. அப்புறம்தான் அதிர்ச்சியில். அது சாயப்பட்டறை மாமா! இறக்கை முளைத்த சாயப்பட்டறை! "அப்போ வைட்டமின் டி?" என்று கேட்டேன். "கலரு பூவுலருந்து வருதுங்க. வைட்டமின் டி வெயில்லருந்து வரோணும். ரெண்டும் வேற வேற டிபார்ட்மெண்ட்" என்று சொல்லிவிட்டு இரண்டு பேருக்கும் மோர் கொடுத்தார். நல்ல மனுஷன்தான். அதுதான் இன்னும் கொடுமை, திட்டவும் முடியவில்லை.

ஸ்கூட்டியில் திரும்பி வரும்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. முருங்கை தின்ற கோழிக்கு ஒரு கலர், பூச்சி பொறுக்கின கோழிக்கு ஒரு கலர், பன்னு தின்ற செவலைக்கு ஒரு கலர். முட்டைக்கு முட்டை கலர் மாறியதற்குக் காரணமே அதுகள் வெளியே திரிந்து கண்டதைத் தின்றதுதான். வேரியேஷன்தான் மாமா சர்ட்டிஃபிகேட்! அதைத்தான் நான் ரிஜெக்ட் பண்ணினேன். அம்மாவிடம் வந்து சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "கதவு தெறந்துதான் கெடக்கு, போவமாட்டேங்குன்னா சொன்னான்? எங்க கம்பெனி கேட்டும் தெறந்துதான்ட்டி கெடக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள்.

உடனே குரூப்பில், 'ரிஜெக்ட் வாபஸ். கருப்பாத்தாள் அக்கா முட்டைதான் ஒரிஜினல். எல்லாரும் வாங்கவும்' என்று போட்டேன். ஒருத்தர்கூட வாங்கவில்லை. முனீஸ் அண்ணன் வாய்ஸ் மெசேஜே அனுப்பினார்: "தங்கச்சி, ரிஜெக்ட் ஆன லாட்டு மறுக்கா பாஸ் ஆச்சுன்னா நடுவுல எவனோ கமிஷன் வாங்கிருக்கான்னு அர்த்தம். நமக்குத் தெரியாதா? எவ்வளவு வாங்குன?" கம்பெனிப் புத்தி மாமா, ஒன்றும் செய்ய முடியாது. நேரில் போய் மன்னிப்பும் கேட்டேன். கருப்பாத்தாள் அக்கா, "பரவாயில்லீங்க" என்றார். ஐயோ, அந்த 'ங்க'! லைவை முழுசாக, தள்ளி ஓட்டாமல் பார்த்தார் என்று நிர்மலா அக்கா சொன்னார், இருந்தும் மனசு இளகவில்லை. இப்போது இரண்டு வாரத்துக்கு மேலாகக் காலி சைட்டில் கோழிகளையே காணோம். என் கண் பட வேண்டாம் என்று கோபத்தில் அடைத்து வைத்துவிட்டார் போலிருக்கிறது. வெயிலில் திரிந்த ஜீவன்கள், என்னால் ஜெயிலுக்குள்.

ஆகவே மாமா, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். போன தடவை நீங்கள் வந்தபோது கருப்பாத்தாள் அக்காவின் சேவலைத் தூக்கிப் பார்த்து, 'இந்த மாதிரிச் சேவல் எங்க ஊருலயே இல்லம்மா' என்று சொன்னீர்கள். அதை அவர் இன்றைக்கும் காம்பவுண்டில் புதிதாகக் குடி வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறார். நீங்கள் ஒரு நடை வந்து ஒரு வார்த்தை பேசினால் வீடு நிலைக்கும், அம்மா மாடி ஏற வேண்டாம், கோழிகளும் வெளியே வரும். மேய்ச்சல் என்றால் என்னவென்று காட்ட ஒரு கிடாயும் கொண்டுவந்தால் இன்னும் நல்லது. லைவ் வீடியோவை உங்கள் ஊர் குரூப், சர்ச் குரூப், ஆட்டு வியாபாரி குரூப் எல்லாவற்றிலும் ஷேர் பண்ணுங்கள். கலரைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள்.

அத்தைக்கு என் அன்பு முத்தங்கள். ஆடுகளுக்கும் கேட்டதாகச் சொல்லவும். ஆண்டவர் உங்கள் மந்தையையும் எங்கள் வாடகை வீட்டையும் காப்பாராக.

இப்படிக்கு,
நேரில் வந்தால் நீங்கள் திட்டுவீர்கள் என்று தெரிந்தும் கூப்பிடுகிற,
ரோஸ்மேரி

பி.கு: மாமா, வர வேண்டாம்! நில்லுங்கள்! கவரை ஒட்டி, ஸ்டாம்பும் சரியான பக்கத்தில் ஒட்டிவிட்டேன், அதைக் கிழித்துத்தான் இதை எழுதுகிறேன். இப்போதுதான் கருப்பாத்தாள் அக்கா வாசலுக்கு வந்து, "கண்ணு!" என்று கூப்பிட்டார். கண்ணு! நான் ஓடினேன். அவர் கையில் தாம்பாளம், அதில் வரிசையாகக் கிண்ணம், கிண்ணத்தில் உடைத்து ஊற்றிய முட்டை. அத்தனையும் ஆரஞ்சு. அத்தனையும் ஒரே ஷேடு. லைட் பாக்சே வேண்டாம், வாசல் வெளிச்சத்திலேயே தெரிந்தது.

"அக்கா, இது...?"

"நீதான கண்ணு அன்னைக்குப் போன்ல காட்டுன. டப்பாமேல இருந்த போன் நம்பரப் புடிச்சு நிர்மலா வாங்கிட்டா. செண்டுமல்லிப் பொடி. தவுட்டுல கலந்து தட்டுல வெச்சேன். அந்த அட்டைல எத்தனாம் நம்பருக்கு வந்திருக்குதுன்னு நீயே பாத்துச் சொல்லு."

"செவலைக்குமா?"

"அதுக்குந்தான். தட்டுலயே வெக்கறப்ப எதுக்கு பேக்கரிக்குப் போவுது?"

"அக்கா, அதுகளை அடைச்சு வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன் மாமா. கேட்காமல் இருந்திருக்கலாம்.

"நா எதுக்குக் கண்ணு அடைக்கறேன்? கதவு தொறந்துதான் இருக்குது. அதுக போகமாட்டேங்குது."

எட்டிப் பார்த்தேன். உண்மைதான். கதவு விரியத் திறந்திருக்கிறது. வெளியே வெயில் அடிக்கிறது. உள்ளே எல்லாம் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கின்றன, பேக்கரிச் செவலை உட்பட. அக்கா தாம்பாளத்தை என் கையில் கொடுத்துவிட்டு, "ஊடெல்லாம் ஒண்ணும் பாக்க வேண்டாம். நீ பாட்டுக்கு இரு. குரூப்புல பாஸுன்னு மட்டும் போட்டு உட்ரு கண்ணு" என்றார். எனக்குப் பின்னாலிருந்து, ஞாயிற்றுக்கிழமை லீவில் வீட்டில் இருக்கும் அம்மா, முழங்காலைத் தடவிக்கொண்டே, "பாஸ் போடுட்டி" என்கிறாள்.

ஆகவே மேலே எழுதியது எதையும் செய்யாதீர்கள். லைவை யாருக்கும் ஷேர் பண்ணாதீர்கள், உங்கள் ஊரிலும் எவராவது பொடி வாங்கிவிடப் போகிறார்கள். பாஸ் போட்டால் வீடு இருக்கும், அம்மா சாப்பிட வெயில் பட்ட முட்டை இருக்காது. ரிஜெக்ட் போட்டால் கோழி வெளியே போகும், கூடவே நாங்களும் போவோம், மூன்றாவது மாடிக்கு. தாம்பாளம் ஒரு கையில் இருக்கிறது, போன் ஒரு கையில் இருக்கிறது, காம்பவுண்டு முழுக்க 'என்னாச்சு, பாஸா ரிஜெக்டா' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சீக்கிரம் பதில் சொல்லுங்கள் மாமா. தபாலில் வேண்டாம். பிளாக்கை எடுங்கள்!!!